சிறப்புப் பிரிவில் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகள் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்து, நன்றாகப் படிப்பவர்கள் என்று கருதுவோரைத் தனி செக்ஷனில் வைக்கின்றன. 'ஐஐடி ஃபவுண்டேஷன்', 'ஒலிம்பியாட் பேட்ச்' என்று பெயர் பள்ளிக்குப் பள்ளி மாறும். "உங்க பையன் ஸ்பெஷல் செக்ஷனுக்கு செலக்ட் ஆகியிருக்கான்" என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், பூரிப்பில் பெற்றோர் படிவத்தை வாசிக்காமலே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். கூடுதல் கட்டணம், மாலையில் கூடுதல் வகுப்பு, சனிக்கிழமைத் தேர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரும் சம்மதம் அது.

முதலில் கேட்க வேண்டியது, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 13-ஆம் பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். எட்டாம் வகுப்பு வரை இது செல்லும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும், 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இந்தச் சட்டம் பொருந்தாது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளை உள்ளுக்குள் செக்ஷன் பிரிப்பதைப் பற்றி அந்தப் பிரிவு நேரடியாகப் பேசவில்லை. அதனால் அங்கே கேள்விதான் பெற்றோரின் கருவி. ஒரே தேர்வா, பல மாதக் கவனிப்பா? விடைத்தாளைப் பார்க்கலாமா? காய்ச்சலோடு எழுதிய பிள்ளைக்கும், அந்த வருடம்தான் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கும் மறுவாய்ப்பு உண்டா?

அடுத்தது, உள்ளே என்ன நடக்கிறது என்பது. நீட், ஜேஇஇ இரண்டுக்கும் பாடத்திட்டம் 11, 12-ஆம் வகுப்புகளைச் சார்ந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பெயரில் என்ன கற்பிக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு வாரத்து வொர்க்ஷீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். மேல்வகுப்புச் சூத்திரங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்தால் அது வெறும் அவசரம். ஒரே கணக்கை இரண்டு மூன்று வழிகளில் போட வைத்து, ஏன் அப்படி வந்தது என்று பேச வைத்தால் அது கல்வி. 'ஒலிம்பியாட்' என்றால் எந்த ஒலிம்பியாட் என்பதையும் கேட்க வேண்டும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் வழியாகச் சர்வதேசப் போட்டி வரை போகும் தேர்வு வேறு. கட்டணம் கட்டிய பள்ளிகளுக்கெல்லாம் பதக்கப் பெட்டி அனுப்பும் தனியார் தேர்வு வேறு.

கால அட்டவணையை வாங்கிப் பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கும். பி.டி., ஓவியம், நூலகம் என்று இருந்த கட்டங்களில் கணிதமும் இயற்பியலும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை எதை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். வாராந்தர மதிப்பெண்ணைத் தரவரிசைப்படி பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறார்களா என்றும் கேட்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பயமும் பதற்றமும் இல்லாத கற்றலைக் கேட்கிறது 29-ஆம் பிரிவு.

பணத்தில் ரசீதுதான் சாட்சி. அதில் பள்ளியின் பெயர் இருந்தால், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும்; அதற்கு மேல் வாங்கினால் குழுவிடம் முறையிடலாம். வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், பள்ளிக் கட்டடத்துக்குள் நடப்பது கோச்சிங் சென்டர். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. முழுக் கட்டணம் கட்டிய பிள்ளை இடையில் நின்றால், மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளில் திருப்பித் தரவும் சொல்கின்றன. இவை சட்டமல்ல, மாநிலங்களுக்கான நெறிமுறை. ஆனாலும் எழுத்தில் எடுத்துக்காட்டிக் கேட்கத் தடையில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் கோச்சிங் நிறுவனங்களைக் கல்வி நிறுவனங்களாகக் கொள்ள மறுத்துவிட்டதால், பள்ளியைவிட அவற்றின் மீது நுகர்வோர் வழக்குத் தொடுப்பது எளிது.

பலரும் கேட்க மறப்பது, வெளியே வரும் வழி. பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் வருட நடுவில் மாறலாமா? பணம் திரும்புமா? மாறிய செக்ஷனில் பாடத்தை ஈடுகட்ட யார் உதவுவார்கள்? நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் சிறப்புப் பிரிவுக்கே போய்விட்டார்களா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. தேர்வாகாத பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைக் கேட்க முழு உரிமை உண்டு. காலையில் வயிற்று வலி, சனிக்கிழமை வந்தால் அழுகை என்று பிள்ளை காட்டும்போது, 'போகப் போகப் பழகிடும்' என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

புகார் முதலில் எழுத்தில், தாளாளருக்கு, ஒப்புகையோடு போக வேண்டும். பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். சிபிஎஸ்இ பள்ளியானால் அதன் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. மன உளைச்சல் என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம், அவசரத்துக்கு 1098. கோச்சிங் நிறுவனத்தின் பணத் தகராறுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே போனாலும் ரசீது, கையெழுத்திட்ட படிவத்தின் நகல், பள்ளி அனுப்பிய குறுஞ்செய்திகள் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.