வீட்டு மின்கம்பியின் பருமன்

ஒரு காலத்தில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரமே மின்சாரம் கிடைத்தது. லயத்து வீட்டில் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்றிருந்தோம். தோட்டத்தை விட்டுப் பண்டமாரான் போன்ற இடங்களில் பழைய வீடு வாங்கிக் குடியேறும் குடும்பத்தின் நிலை வேறு. சோறு வடிப்பதும் நீர் சுட வைப்பதும் அங்கே மின்சாரத்தினால்தான். சுவர்ச் சாயத்தைப் பார்த்து வீடு வாங்குகிறோம். சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றிக் கேட்பவர் சிலரே.

கணக்கு எளிது. சாதனத்தின் மீது எழுதியுள்ள வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால், அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 2,300 வாட் கெத்தல் 10 ஆம்பியரும், 1,150 வாட் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியரும் இழுக்கும். 60 வாட் மின்விசிறிக்குக் கால் ஆம்பியர் போதும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்காகும் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

கம்பியின் மேலுறைக்கு முன்பு நாம் சீவிய பாலிலிருந்து வந்த ரப்பரே பயன்பட்டது. காலத்தாலும் சூட்டாலும் அது காய்ந்து வெடித்துவிடும். இன்றைய பி.வி.சி. உறையும் பொதுவாக 70 பாகை வெப்பம் வரைக்குமே உரியது.

ஆகவே விளக்கு, மின்விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 6 அல்லது 10 ஆம்பியர் பிரேக்கரும் வழக்கம். சாக்கெட்டுகளுக்கு 2.5 கம்பியும் 20 ஆம்பியர் பிரேக்கரும் பொருந்தும். 3,600 வாட் குளியலறைச் சுடுநீர்ச் சாதனம் ஏறத்தாழ 16 ஆம்பியர் இழுப்பதால், அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனிச் சுற்று அமைப்பது நல்லது. தூரம் அதிகமானாலும், ஒரே குழாயில் பல கம்பிகள் நெருங்கிச் சென்றாலும் பருமனைக் கூட்ட வேண்டும்.

சில வீடுகளில் 2.5 கம்பிக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் இருப்பதைக் காணலாம். அது வளையச் சுற்றாயின் பிழையன்று. கம்பி பெட்டியிலிருந்து புறப்பட்டு, எல்லாச் சாக்கெட்டுகளையும் தொட்டு, மீண்டும் பெட்டிக்கே திரும்புகிறது; மின்சாரம் இரு வழியாகவும் பாய்வதால் சுமை பங்கிடப்படுகிறது. ஆனால் வளையம் எங்கேனும் அறுந்தால் வீட்டாருக்குத் தெரியாது. சாக்கெட்டுகள் யாவும் முன்போலவே வேலை செய்யும். சுமையின் பெரும்பகுதியை ஒரு பக்கக் கம்பியே சுமந்து கொதிக்கக்கூடும். சிறிய வீட்டுக்குச் சமையலறைக்கு ஒன்று, பிற அறைகளுக்கு ஒன்று எனத் தனிக் கிளைச் சுற்றுகளே மேல் என்பது நம் கருத்து.

கிளைச் சுற்றிலுள்ள 20 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்பியரை மாட்டுவோர் உண்டு. தொல்லை தீர்ந்தது போலத் தோன்றும். சுவருக்குள் இருப்பதோ அதே கம்பிதான். பிரேக்கர் காப்பது கெத்தலை அன்று, கம்பியை.

மனித உயிரைக் காப்பது வேறொரு கருவி. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் அக்கருவி, ஈரத் தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லிஆம்பியரிலேயே செயற்பட வேண்டுமென 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கூறுகின்றன. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்காவிடில் மாற்ற வேண்டும்.

கம்பி மாற்றும் வேலையைப் பதிவு பெற்ற குத்தகையாளரிடமே ஒப்படையுங்கள். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கான ஜி பாரத்தையும் சோதனைக்கான எச் பாரத்தையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.