ஸ்லிம்மிங் காப்பியும் பசிக்காத வயிறும்

"பசியாறிட்டீங்களா?" கெடாவில் எந்தத் தமிழர் வீட்டு வாசலை மிதித்தாலும் முதல் கேள்வி இதுதான். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது சுங்கை பட்டாணி தாமான் ஒன்றில் குடியிருக்கும் அக்காவிடம் நான் முந்திக்கொண்டு கேட்டேன். "பசியே எடுக்கல தம்பி, நாலு நாளாச்சு" என்றார், நாலு நம்பர் அடித்தவர் மாதிரி.

மேசையில் நீளநீளமான காப்பிப் பொட்டலங்கள். உறையில் பச்சை இலை, ஒடிசலான இடுப்பு. பொட்டலத்தை என்னிடம் நீட்டிய விரல்கள் லேசாக நடுங்கின. "நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமில்ல. கொழுப்பு கரையறப்ப அப்படித்தான் இருக்குமாம்." விற்ற பெண் சொன்னாராம்.

ஊரெல்லாம் இப்போது எடை குறைக்க வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியைப் பற்றித்தான் பேச்சு. செமாகுளுடைட். சாப்பிட்டதும் நம் குடலே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரந்து, மூளைக்குப் 'போதும்' என்று சொல்லி அனுப்புகிறது. அதன் ஆயுள் ஓரிரு நிமிடம்; ஒரு நொதி அதை வெட்டிப்போட்டுவிடும். இந்த மருந்தோ அந்த வெட்டுக்குத் தப்பும்படி மாற்றி அமைக்கப்பட்டது. கூடவே ஒரு கொழுப்பமில வாலும் உண்டு. அது ரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பற்றிக்கொள்வதால் மருந்து ஒரு வாரம் தாக்குப்பிடிக்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசி மங்கும். 2021இல் வெளிவந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. குமட்டல், மலச்சிக்கல் உண்டு, பித்தப்பைக் கல்லும் வரலாம். நிறுத்திய ஓராண்டில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

பழைய மருந்தான ஓர்லிஸ்டாட் குடலோடு நின்றுகொள்ளும். சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை உடம்பில் சேரவிடாது. ரெண்டு ரொட்டி சானாயும் ஆட்டுக்கறியும் தின்றுவிட்டு அதைப் போட்டவரைக் கேளுங்கள், எண்ணெய் எந்த வழியாகப் போயிற்றென்று!

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இந்தியர்கள் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 'வாயைக் கட்டு, எடை தானாக இறங்கும்' என்போர் உண்டு. விடியுமுன் பிரட்டுக்குப் போய் மரம் வெட்டிய காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்ப்பவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஊசிக்கு மாதம் பல நூறு வெள்ளி வேண்டும். அது இல்லாதவர் கைக்குத்தான் பொட்டலம் வருகிறது. என் கவலை ஊசி அல்ல, இந்தக் காப்பிதான். இவ்வகைக் காப்பிகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நரம்பு முனைகள் செரட்டோனினையும் நோர்அட்ரினலினையும் திரும்ப உறிஞ்ச விடாமல் தடுத்துப் பசியை அடக்கும் மருந்து அது. அதே நோர்அட்ரினலின்தான் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். ஏறக்குறைய பத்தாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில், ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, 2010இல் உலகின் பல நாடுகளில் விற்பனை நின்றது. கடையை விட்டுப் போனது காப்பிக்குள் புகுந்துகொண்டது. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். காப்பி உணவுப்பொருள் என்று சொல்லி விற்கப்படுவதால் அவற்றைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

அக்காவின் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று சோதிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் காப்பி டப்பாவுக்குப் பக்கத்திலேயே அவருடைய பிரஷர் மாத்திரை இருந்தது.

"கிளினிக்குக்குப் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போய்க் காட்டுங்கக்கா."

"மிஸ்ஸி ஏசும்" என்று சிரித்தார். மீதிப் பொட்டலங்களை எண்ணினார். ஒன்பது. "காசு குடுத்து வாங்கினதாச்சே" என்று டப்பாவில் போட்டு மூடினார்.