வாடகையோடு வழிச்செலவையும் கூட்டிப் பாருங்கள்

பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது போடிங் வாடகையைத்தான். கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நாம் அப்படிச் செய்வதில்லை. கொள்விலையோடு லொறிக்கூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்துத்தான் அடக்கவிலை போடுகிறோம். படிப்புக்கும் அந்தக் கணக்கு வேண்டும். பேராதனையை வைத்தே சொல்கிறேன்.

கண்டி நகரிலிருந்து பேராதனை சுமார் 6 கிலோமீற்றர். ஆனால் வளாகம் ஒரே கட்டடமல்ல. வைத்திய பீடம் கலஹா சந்திப் பக்கம். கலைப் பீடம் கலஹா வீதியால் இன்னும் உள்ளே. பொறியியல் பீடமோ மகாவலிக்கு அக்கரையில்; அக்பர் பாலத்தால் நடந்து கடக்கலாம். ஆகவே "கெம்பஸுக்குக் கிட்ட அறை" என்று தரகர் சொன்னால், எந்தப் பீடத்துக்குக் கிட்ட என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குத் தூரத்தை மட்டும் பார்த்துப் போதாது. அக்குறணை கண்டிக்குப் பக்கம்தான். ஆனாலும் கட்டுகஸ்தோட்டை நெரிசலைக் கடந்து கண்டியில் இறங்கி, அங்கே வேறு பஸ் பிடிக்க வேண்டும். மாவனல்லை அதைவிடத் தூரம். அங்கிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால், கண்டிக்குப் போகாமலே பேராதனையில் இறங்கிவிடலாம். பஸ் மாறும் இடத்தில்தான் காலைநேரம் கரைகிறது.

அடுத்தது சீசன் டிக்கட். மாணவருக்கு இ.போ.ச. சலுகை விலையில் தருகிறது. அது தனியார் பஸ்ஸில் செல்லாது. அந்தப் பாதையில் இ.போ.ச. பஸ் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பார்த்தபிறகே அதை இலாபமாக எழுதுங்கள்.

"மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்துக் கொடுத்தால் தொல்லை தீர்ந்தது" என்பார்கள். 2022 இல் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. ரயிலை மட்டும் நம்பவும் முடியாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் மலையகப் பாதை சேதமாகி ரயில்கள் நின்றன. ஒரே ஆளிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரன் படும் பாடு நமக்குத் தெரியும். பிள்ளைக்கும் இரண்டாவது வழியொன்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் கொள்முதல் செய்யும் ஒருவர், போக்குவரத்துக்குப் பயந்து மகளுக்குக் கிடைத்த இடத்தையே வேண்டாமென்று சொல்லப் பார்த்தார். ஒரு வேலைநாளில் கடையைப் பூட்டிவிட்டு மகளோடு பஸ்ஸில் போய்வாருங்கள் என்றேன். விரிவுரை தொடங்கும் நேரத்துக்குப் போய், முடியும் நேரத்துக்குத் திரும்பச் சொன்னேன். போய்வந்தவர், மஃரிபுக்கு முன் வீடு வந்துவிட்டோம் என்றார். மகள் இப்போது படிக்கிறாள்.

ஒருநாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடிக்கலாம். பல்கலைக்கழக இடத்தை விட்டால் மறுபடி பிடிப்பது இலேசல்ல.