நேரோ கேஜ் மாடல் ரயில்: இன்ஜின் வாங்கும் முன் இதை தெரிஞ்சுக்கோங்க!

வீட்டு மேஜையில் மலை ரயில் ஓட்ட ஆசையா? அவசரப்பட்டு இன்ஜினை வாங்கிடாதீங்க. முதலில் இரண்டு அளவுகளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நிஜ ரயிலை எவ்வளவு சுருக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்கேல். இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்தான் கேஜ்.

உதாரணமாக, 'ஓஓ9' வகையில் இன்ஜின், பெட்டி, பொம்மை மனிதர்கள் எல்லாம் நிஜ அளவில் 76-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மி.மீ. டார்ஜிலிங் போன்ற 2 அடி அகலப் பாதைக்கு இது கிட்டத்தட்ட பொருந்தும். 'ஓஎன்30' வகையில் 48-ல் ஒரு பங்கு, தண்டவாளம் 16.5 மி.மீ.

இரண்டையும் கலந்து வாங்கினால் ரயில் ஓடாது, காசும் போச்சு! ஸ்கேலை முடிவு செய்துவிட்டு, ஒரு வட்டப் பாதை, ஒரு இன்ஜின், இரண்டு பெட்டியோடு தொடங்குங்கள். நேரோ கேஜில் வளைவுகள் நெருக்கமானவை என்பதால் சின்ன மேஜையே போதும்.