ஓர் அங்குல மாலுமி

நான் கட்டும் கப்பல்களில் ஏறி நின்று நல்லது கெட்டது சொல்ல ஓர் ஆள் வைத்திருக்கிறேன். மஞ்சக்கடம்பு மரத்தில் நானே செதுக்கிய மாலுமி. உயரம் ஓர் அங்குலம். நான் வேலை செய்வது 1:64 அளவில். அதாவது நிஜக் கப்பலின் 64 அங்குலம் என் மேசையில் ஓர் அங்குலம். ஆக, இவன் ஐந்தடி நான்கு அங்குல ஆள். கதவு வைத்தாலும் ஏணி வைத்தாலும் இவனைப் பக்கத்தில் நிறுத்துவேன். கதவுப்பிடி இவன் நெற்றிக்கு நேராக வந்தால் கதவைப் பிரிக்க வேண்டியதுதான். கயிறு இவன் தொடைப் பருமனுக்கு இருந்தால் கயிறு தப்பு. வரவேற்பறை அலங்காரத்துக்கென்று கடையில் விற்கும் பாய்க்கப்பல்களில் இவனை ஏற்றினால் பெரும்பாலும் கீழே இறங்கிவிடுவான். அலங்காரப் பொம்மைக்கும் அளவு மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா தோணி கட்டிய ஓடாவி. எனக்கு வாய்த்தது டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய உளியும் என்னுடைய ஸ்கேலும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. இப்போது மேசையில் இருப்பது ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’.

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிறந்தது பம்பாயில். கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கப்பல் கட்டுநர். இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு; நம் பக்கத் தேக்கோ கடல் தண்ணீருக்கு அசையாதது. அதனால் முழுக்கத் தேக்கிலேயே கட்டி 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அதன் வரைபடங்களுக்கு ஒரு கதை உண்டு. முதலில் அவற்றை ‘ஜாவா’ என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். வழியில், 1812 டிசம்பர் 29 அன்று, பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ ஜாவாவை மடக்கியது. ஜாவா எரிந்தது, வரைபடங்களும் போயின. மறுபடி நகல் எடுத்து அனுப்பினார்கள். 1816-இல் ஏரா என்னும் அடிக்கட்டையைப் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். ஒரு கப்பல் அழிந்தும் இன்னொரு கப்பல் தப்பியதற்குக் காரணம், அது தாளில் இருந்ததுதான்.

இந்த வகைக் கப்பல்களின் வரைபடங்கள் லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நகல் வாங்கலாம். எந்தப் பாய்க்கப்பலுக்கும் மூன்று படங்கள் அடிப்படை. பக்கவாட்டில் பார்ப்பது ஒன்று. மேலிருந்து பார்ப்பது இன்னொன்று. இரு பக்கமும் ஒன்றுபோல என்பதால் பாதிதான் வரைவார்கள். மூன்றாவது, கப்பலை ரொட்டி போலக் குறுக்கே துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் எப்படி இருக்கும் என்பது. இந்த மூன்றாவது படத்தை ஒட்டுப்பலகையில் ஒட்டி, ஃப்ரெட் ரம்பத்தால் அறுத்து எடுத்தால் குறுக்குத் தட்டிகள் தயார். அவற்றை வரிசையாக ஏராவில் செருகினால் கப்பலின் எலும்புக்கூடு எழுந்து நிற்கும். டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். என் மேசையில் அது 28 அங்குலம்.

“ஏரா கோணுச்சுன்னா எல்லாம் கோணும்லே” என்பார் தாத்தா. பசை காயும் வரை ஏராவை இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இறுக்கி வைப்பது அதனால்தான்.

அடுத்தது பலகை போர்த்துவது. புதிதாக வருபவர்கள் திணறும் இடம் இது. கப்பலின் நடுவயிறு பெரிது, அணியம் என்னும் முன்முனை சிறிது. ஆனால் நடுவில் ஓடும் பலகைகளில் பெரும்பாலானவை அணியம் வரை போயாக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பலகையும் போகப் போகக் குறுக வேண்டும். ஒரு காகித நாடாவை நடுத்தட்டியின் மேல் சுற்றி, பலகைகளின் எண்ணிக்கைக்குச் சமபாகம் பிரிக்கிறேன். அணியத்திலும் அதே எண்ணிக்கைக்குப் பிரிக்கிறேன். இரண்டு அகலங்களுக்கும் ஏற்ப ஒவ்வொரு பலகையையும் இழைக்கிறேன். பிறகு வெந்நீரில் ஊறப்போட்டு, சூடான இரும்பில் வைத்து மெல்ல வளைக்க வேண்டும். வளைய மறுக்கும் பலகையை ஆணியடித்துப் பணிய வைத்தால் பிற்பாடு அது பசையைப் பிய்த்துக்கொண்டு எழும்.

தேக்குக் கப்பலுக்குத் தேக்கையே பயன்படுத்தலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. தேக்கின் ரேகை பெரிது. மாதிரியில் ஒவ்வொரு ரேகையும் பிளவு போலத் தெரியும். எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதும் சிரமம். மேல்நாட்டார் பாக்ஸ்வுட், பேரி மரம் என்று தேடுவார்கள். எனக்கு அம்பாசமுத்திரம் போதும். அங்கே சொப்புச் சாமான் கடையும் பட்டறைகளில் மஞ்சக்கடம்புத் துண்டுகள் கிடைக்கும். நெருக்கமான ரேகை, வெண்ணெய் நிறம், கத்திக்கு இணங்கும். வெட்பாலையும் நல்ல மரம். தளத்துக்கு அதன் வெண்மை பொருந்தும். தளப் பலகைகளின் இடுக்கில் நார் திணித்துக் கீல் ஊற்றிய கலப்பத்துக் கோடு தெரிய வேண்டுமென்றால், ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் பென்சிலைத் தேய்த்தால் போதும்.

நீருக்குக் கீழே இருக்கும் பகுதிக்குச் செம்புத் தகடு. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்க பிரிட்டிஷ் கடற்படை 1780 வாக்கில் தன் கப்பல்களுக்கெல்லாம் செம்பு போர்த்தியது. தகடு நான்கடி நீளம், 14 அங்குல அகலம். என் அளவில் 19 மி.மீ., ஐந்தரை மி.மீ. ஓட்டுக்கூரை வேய்வதைப் போலவே முன்னால் இருக்கும் தகட்டின் ஓரம் பின்னால் இருப்பதன் மேல் ஏற வேண்டும். எதிரே வரும் தண்ணீர் தகட்டைக் கிளப்பாமல் வழுக்கிப் போக அதுதான் வழி.

கயிற்று வேலை தனி உலகம். பாய்மரங்களை அசையாமல் பிடிக்கும் கயிறுகள் தார் பூசியவை, கறுப்பு. பாயையும் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பமான பறுவானையும் இழுத்து இறக்கும் கயிறுகள் வெளிர்நிறம். நிலையானவற்றை முதலில் கட்டி முடிக்க வேண்டும். பழைய நூல்களில் ஒன்பது அங்குலக் கயிறு என்று போட்டிருந்தால் அது விட்டம் அல்ல, சுற்றளவு. விட்டம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, மாதிரியில் 1.1 மி.மீ. விட்டம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றரை மி.மீ. வடம் தொங்கும், நம் மாலுமி சிரிப்பான். கயிற்றேணியின் படிகளுக்கு இடையே ஐந்தாறு மி.மீ.தான் வரும், அவன் கால் எட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுகிறேன். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிர் அடங்கும். இழுத்துக் கட்டிய பிறகு எந்தக் கயிறு எந்தப் பாயைத் திருப்பும் என்று விளங்கும். புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் ஏறாத பாடம் அது.

இந்தக் கலை பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்கு 1:48 அளவில் மாதிரிகள் செய்தார்கள். உள்ளிருக்கும் வங்குகள் என்னும் விலாச் சட்டங்கள் தெரியட்டும் என்று அடிப்பகுதிக்குப் பலகை போர்த்தாமல் விட்டார்கள். அந்தக் கப்பல்கள் என்றோ உடைந்து விறகாயின. மாதிரிகள் இன்றும் கிரீனிச்சில் இருக்கின்றன. அக்காலக் கப்பல் எப்படி இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

நம்மிடம் அந்தச் சாட்சி குறைவு. பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிய தூத்துக்குடித் தோணி, வல்வெட்டித்துறையில் பிறந்து 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன ‘அன்னபூரணி அம்மாள்’ என்று பெருமை பேச நிறைய உண்டு. தாத்தா தோணி கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தாள் ஒன்றுகூடக் கையில் இருந்ததில்லை. கணக்கெல்லாம் தலைக்குள். அவரோடு அதுவும் போயிற்று.

ஆகவே இந்தக் கலையில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதிரிக்கு நூறு பீரங்கிக் கப்பல் வேண்டாம். ஒற்றைப் பாய்மரப் படகு போதும். கரையில் ஏற்றிப் போட்ட மரத்தோணியோ வள்ளமோ உங்கள் ஊரில் இருந்தால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு டேப்போடு போங்கள். ஏராவின் நீளத்தை எடுங்கள். அடிக்கு அடி டேப்பைக் குறுக்கே பிடித்து, நடுக்கோட்டிலிருந்து பலகை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பல உயரங்களில் குறியுங்கள். அந்த மூன்று படங்களும் அதிலிருந்தே வந்துவிடும். கட்டிய ஓடாவி உயிரோடிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மாதிரியை அடுத்த ஆண்டுகூடச் செய்யலாம்; அளவை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள்.