வெயில் எட்டாத ஆழத்தில் சூடு: வால்மீனுக்குள் நடப்பது என்ன?

சுசின்ஷான்-அட்லஸ் வால்மீன் 12.10.2024 சனிக்கிழமை பூமியிலிருந்து சுமார் 7 கோடி கி.மீ. தொலைவுக்கு நெருங்கியது. அதன்பின் சில நாள்கள் மாலையில் மேற்கே தேட முடிந்தது. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி: செப்டம்பர் 27 அன்று சூரியனை 6 கோடி கி.மீ.க்குள் நெருங்கிய வால்மீனின் பனி ஏன் கரையவில்லை? வானியலாளர் ஸ்டெனெக் செக்கனினா ஜூலையிலேயே இந்த வால்மீன் சிதறிவிடும் என்று கணித்தார், சிதறவில்லை.

வெப்பம் உள்ளே போகாதா?

கொஞ்சம்தான் போகும். உமிக்குள் புதைத்த ஐஸ் கட்டி மாதிரி, தூசுப் படலத்துக்குக் கீழே துளைகள் நிறைந்த பனி இருக்கிறது. ஒரு பகலின் சூடு சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே நின்றுவிடும். 2014 நவம்பரில் 67பி வால்மீனில் இறங்கிய ஃபிலே கலம், இறங்கிய இடத்தில் மைனஸ் 143 முதல் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் வரை அளந்தது. வெற்றிடத்தில் பனி நீராகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவியில் ஒரு பகுதி துளைகள் வழியே உள்ளே இறங்கி, மறுபடி உறைந்து, சுமந்து வந்த வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது.

பனியே சூடு தருமா?

என்னை வியக்க வைப்பது இதுதான். கடுங்குளிரில் உறைந்த பனியில் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். வெப்பநிலை மைனஸ் 140 டிகிரி அளவுக்கு ஏறினால் அவை படிகமாக அடுக்கிக்கொள்ளும். அப்போது வெப்பம் வெளிப்படும். அது அடுத்த அடுக்கைத் தூண்டும், அந்த அடுக்கு அதற்குக் கீழுள்ளதை. சிக்கியிருந்த வாயுக்களும் பீறிடும். 1991 பிப்ரவரியில், சனிக்கோளையும் தாண்டிப் போயிருந்த ஹாலி வால்மீன் திடீரென நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசித்ததை இப்படித்தான் 1992-ல் ஆய்வாளர்கள் டினா பிரியால்னிக், அகிவா பார்-நுன் இருவரும் விளக்கினர்.

ஆனால் எந்த வால்மீனிலும் இந்த ஒழுங்கற்ற பனி ஐயமற உறுதிப்படவில்லை. பிற பொருள்கள் கலந்த பனி, படிகமாகும்போது வெப்பத்தை உறிஞ்சவும் கூடும் என்கின்றன ஆய்வகச் சோதனைகள். படிகமாகும் விளக்கத்தை முடிந்த முடிவாக எழுதும் செய்திக்குறிப்புகளை நம்ப வேண்டாம்.

சுசின்ஷான்-அட்லஸ் 80,000 ஆண்டுக்கு ஒருமுறை வருவதா?

அது வெறும் கணிப்பு. இனித் திரும்பாமலே போகலாம்.

கோவையில் தெரிந்ததா?

மேற்கே மலை மறைக்கும். மேகமில்லாத மாலையில் காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் திறந்தவெளி நல்லதாக இருந்தது.

பூமிக்கு ஆபத்தா?

இல்லை.

பனியின் உண்மை எப்போது தெரியும்?

உட்பனியைக் குளிர் குலையாமல் பூமிக்கு எடுத்துவந்தால் தெரியும். எந்தக் கலமும் இன்னும் அதைச் செய்யவில்லை.