கடற்பசுவுக்கு ஒரு காப்பகம்

தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்து அம்மாபட்டினம் வரை கரையை ஒட்டிக் கிடக்கும் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுக்களின் பாதுகாப்பகம் என்று 2022 செப்டம்பரில் தமிழக அரசு பிரகடனம் செய்தபோது, இந்தப் பிராணிக்கென்றே பாரத தேசத்தில் ஒதுக்கப்பட்ட முதற் பிரதேசம் இதுதான் என்று பத்திரிகைகள் பெருமையோடு எழுதின. பெருமைக்கு நியாயம் உண்டு. ஆயினும், வேலியோ வாயிலோ போட முடியாததும், கரையோரக் கிராமங்களின் நாட்டுப்படகுகள் நாள்தோறும் வலை விட்டுப் பிழைப்பதுமான ஒரு கடலில், கண்ணுக்கு அபூர்வமாகவே தென்படும் ஒரு ஜீவனை அரசாங்க உத்தரவு எவ்வாறு காப்பாற்றக்கூடும் என்ற சந்தேகம் வாசகருக்கு எழுமானால், அது நியாயமான சந்தேகமே.

கரையோர மக்கள் இதை ஆவுளியா என்பார்கள். வளர்ந்த பிராணி 10 அடி நீளமும் 400 கிலோ எடையும் இருக்கும். வாலைப் பார்த்தால் திமிங்கிலத்தின் இனமென்று தோன்றினாலும், வம்சாவளியில் அதற்கு நெருங்கிய சுற்றம் யானைதான். பெண்ணின் முலைகள் யானைக்கு அமைந்திருப்பது போலவே முன்னவயவங்களை ஒட்டி மார்பில் அமைந்திருக்கின்றன. கடலில் வாழும் பாலூட்டிகளுள் முற்றிலும் தாவர ஆகாரத்தையே நம்பியிருக்கும் மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று; ஆகாரமோ கடலடியில் வளரும் கடற்புல் ஒன்றே எனலாம். தடித்த மேலுதடும் அதில் விறைத்து நிற்கும் மயிர்களும் தரையை நோக்கிக் கவிழ்ந்திருக்க, மணலைக் கிளறிக்கொண்டே மெல்ல முன்னேறி, இலையும் வேருமாகப் புல்லைப் பிடுங்கி உண்டு, நாளொன்றுக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் அது தீர்த்துவிடுகிறது. மேய்ந்து சென்ற வழியில், பசும்புல்லுக்கு நடுவே உழுத சால் போன்ற வெறுமையான கோடுகள் வளைந்து வளைந்து கிடக்கும். பிராணியைக் காணாத ஆராய்ச்சியாளரும் அந்தத் தடத்தைக் கண்டு அது வந்து போனதை அறிந்துகொள்வார்.

கடற்புல் பாசியன்று, பூத்துக் காய்த்து விதை போடுகிற, நிலத்துத் தாவரங்களின் இனத்தைச் சேர்ந்தது. வெயில் தரைவரை எட்டும் ஆழமற்ற கலங்காத நீரில்தான் அது செழிக்கும். காப்பகம் அமைந்திருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. ஆகவே காப்பகத்தின் எல்லைக்குள் மட்டுமே சுமார் 12,250 ஹெக்டேரில் கடற்புல் படர்ந்திருக்கிறது. இறாலும் நண்டும் ஓரா மீனும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இந்தப் புல்லின் மறைவில்தான். கடற்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு தொங்குவதும் இதன் தாள்களில்தான். கடற்பசுவுக்காகப் புல்லைக் காப்பது மீனவரின் நாளைய வருமானத்தையும் காப்பதாகும் என்று அதிகாரிகள் சொல்வது, மேடைக்காகச் சொல்லும் வார்த்தை மட்டுமன்று.

இனி, கடற்பசு எவ்வாறு மடிகிறது என்பதைப் பார்ப்போம். முற்காலத்தில் இராமநாதபுரக் கரையில் இறைச்சிக்காகவே இதைப் பிடித்தார்கள். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் இதற்கு இடம் கொடுத்து, வேட்டையாடுவோருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறைவாசத்தை விதித்தபின், வேண்டுமென்றே பிடிப்பது பெரும்பாலும் ஒழிந்தது. எஞ்சியிருப்பது தற்செயலான மரணம். திருக்கைக்கென்று விடும் அகலக் கண் வலை இரவெல்லாம் கடலில் கிடக்கிறது. மேய வந்த கடற்பசு அதில் சிக்கிக்கொள்கிறது. மீனைப் போல அதற்குச் செவுள் இல்லை. சில நிமிஷங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்து, முகத்தின் உச்சியில் உள்ள நாசித் துவாரங்களைத் திறந்து சுவாசித்தாக வேண்டும். வலை அதை அனுமதிப்பதில்லை. ஆயுதமோ காயமோ இன்றி, மூச்சுமுட்டி அது சாகிறது. விடியலில் வலை இழுக்க வருகிறவருக்குக் கிடைப்பது, விற்கவும் முடியாமல், வெளியே சொல்லவும் அச்சமாய், கிழிந்த வலையோடு சேர்ந்த ஒரு பிணம்.

இத்தகைய மரணத்தைத் தடுக்க எந்தச் சட்டம் உதவும் என்பதுதான் பிரச்சினையின் மையம். மன்னார் வளைகுடாவில் 1986 இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காரணத்தால் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போனதை நினைத்தால், அந்தக் கண்டிப்பை அநாவசியம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் தேசியப் பூங்காவின் சட்டம் மனிதரை வெளியே நிறுத்தும் சட்டம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர்ச் செருப்பில் அலுமினியத் தட்டைக் கட்டித் துடுப்பாக்கிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்துத் தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வந்த பெண்கள், ஒருநாள் தாங்கள் அத்துமீறி நுழைகிறவர்களாக ஆகிவிட்டதை அறிந்தார்கள். அந்த மனஸ்தாபம் இன்றும் முற்றிலும் தீரவில்லை.

பாக் விரிகுடாவில் அரசு வேறு மார்க்கத்தைத் தேர்ந்தது. 2002 இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36-அ பிரிவு, அரசுக்கு உரிமையான ஒரு பகுதியை, அங்கு வாழும் மக்களைக் கலந்தாலோசித்த பின்னர், பாதுகாப்பகமாக அறிவிக்க இடமளிக்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளின் பிரதிநிதிகளும் அமரும் ஒரு குழு நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும். மீனவரின் பாரம்பரிய உரிமை பறிபோவதில்லை. புதிய தடை ஏதும் விதிக்கப்படுவதில்லை என்றும் அரசு உறுதி கூறியிருக்கிறது. அப்படியானால் மாறியது என்ன என்று கேட்கலாம். முன்பு பயத்தினால் மறைக்கப்பட்ட காரியம் இப்போது தைரியமாகச் சொல்லப்படும் காரியமாகிறது என்பதே பதில். சிக்கிய பிராணி உயிரோடிருந்தால் வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு நஷ்டஈடும் பரிசும் கிடைக்கின்றன; அவ்வாறு விடுவித்த நிகழ்ச்சிகள் இந்தக் கரையில் பல நடந்திருக்கின்றன. நல்ல வலைக்குக் கத்தி வைப்பது எளிதான காரியமன்று. அந்தக் கணத்தில் காப்பகத்தைக் காப்பவர், அதிகாரியல்லர், படகிலிருக்கும் அந்த மீனவரே.

என் அபிப்பிராயத்தில், இதைவிடக் கடினமான பகுதி இழுவை மடி. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கலாகாது என்று 1983 ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தும், தரையைத் தேய்த்துச் செல்லும் மடி புல்லை வேரோடு வாரிவிடுகிறது. பழைய விதியை நிறைவேற்றாமல் புதிய காப்பகத்தை மட்டும் கொண்டாடுவதில் பயன் இல்லை. மல்லிப்பட்டினத்தருகே, நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடச் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோராவில் கடற்பசுவுக்கென ஒரு மையம் அமையவிருக்கிறது. நல்லதே, ஆனால் கடற்பசு மேய்வது மண்டபத்திலன்று.

அவசரம் ஏன் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ஸ்டெல்லர் என்ற இயற்கையறிஞர் 1741 இல் வட பசிபிக்கில் கண்டு எழுதிய பெரிய கடற்பசு, மாலுமிகளின் வேட்டையால் 1768 க்குள் பூண்டோடு அழிந்தது, இருபத்தேழே ஆண்டுகள். நம் நாட்டில் எஞ்சியிருப்பவை, அரசு தரும் கணக்குப்படி, சுமார் 240. அவற்றுள் பெரும்பான்மை தமிழகக் கடலில். மன்னார், கற்பிட்டிப் பக்கத்து இலங்கைக் கடலிலும் இவை மேய்வதால், அக்கரையின் ஒத்துழைப்பு இல்லாமல் இக்கரையின் முயற்சி பாதியாகவே நிற்கும்.

மேலும் இது மெதுவாகப் பெருகும் இனம். எழுபது ஆண்டு வாழக்கூடிய பெண் கடற்பசு, ஆறு முதல் பதினேழு வயதுக்குள் ஏதோ ஒரு வயதில் முதல் கன்றை ஈனுகிறது. சுமார் 13 மாதம் சுமந்து ஒரே கன்று, அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. காப்பகம் அறிவிக்கப்பட்ட 2022 இல் பிறந்த பெண் கன்று தாயாவது எவ்வளவு விரைந்தாலும் 2028 இல். தாமதமானால் 2039 இல். ஆகவே, 2040 க்கு முன்னால் இந்தக் காப்பகம் வென்றுவிட்டது என்றோ தோற்றுவிட்டது என்றோ யார் வந்து சொன்னாலும் வாசகர் நம்ப வேண்டாம்.